மார்ஷல் கில்பியின் எதிரிகளும் பதுளை வாடிக்கைக்காரர்களும்

கௌபாய் கொமிக் புத்தகங்களை வாடகைக்குக் கொடுத்துப் பிழைத்தவர்கள் யாராவது இதை வாசித்தால் என்னோடு சேர்ந்து தலையாட்டுவீர்கள்: கதாநாயகன் பெயரைச் சொல்லி எவரும் புத்தகம் கேட்பதில்லை, "இந்த மாசம் வில்லன் யாரு?" என்றுதான் கேட்பார்கள்.

நான் நின்ற கடை பதுளை ஸ்டேஷனிலிருந்து கடைத்தெருவுக்குப் போகும் வழியில் இருந்தது. முன்பக்கம் பேப்பர், சிலேட்டு, பஞ்சாங்கம், பீடி. உள்பக்கம் சுவருக்குச் சுவர் கம்பி கட்டி, கொமிக் புத்தகங்களைத் துவைத்த துணி மாதிரித் தொங்கப் போட்டிருப்போம். முதலாளி சுப்பையா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில் இருந்தார்கள். அவர் கடைக்குப் பின்னால் சமைத்துச் சாப்பிட்டு, கடைக்குள்ளேயே படுத்து எழும்புவார். நான் பசறை ரோட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, டவுன் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்து, உத்தியோகம் ஒன்றும் கிடைக்காமல் ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவரிடம் வந்து சேர்ந்தவன். புத்தகத்தை எடுத்துக் கொடுப்பது என் வேலை. இங்கிலீஷ் தெரியாதவர்களுக்குப் படத்தைக் காட்டிக் கதையைத் தமிழில் சொல்வது நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. இரண்டாவதற்குத்தான் கூட்டம்.

மாதத்துக்கொரு முறை லண்டனிலிருந்து கப்பலில் வந்து, கொழும்பிலிருந்து ரயிலேறி, காலையில் நம்மிடம் வந்து சேருவான் கொமிக் கதாநாயகன் மார்ஷல் கில்பி. நீல நிறக் கழுத்துத் துணி, நீளத் தாடை. அவனுக்குப் பசிக்காது, சளி பிடிக்காது, சட்டையில் சேறு படாது. ஊர்க்காரர்கள் அவனை மதித்தார்கள், அவ்வளவுதான். ஆசை வைத்ததெல்லாம் அவன் துரத்திக்கொண்டு போனவர்கள் மேல்.

கர்னல் ஹாக்ஸ்லியும் பெரிய துரையும்

கர்னல் ஹாக்ஸ்லி தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்துவான். ஆற்றின் மேல்பக்கம் அணை கட்டி, கீழே மாடு வளர்த்தவர்களைத் தண்ணீர் இல்லாமல் விரட்டி, நிலத்தைச் சுருட்டுவது அவன் தொழில். சம்பளத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து டவுனுக்கு வந்த ஆட்களுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் குழாய்ப் பீலியில் அந்த மாதம் முழுக்கத் தண்ணீர் இல்லை, எல்லாம் பங்களாப் பூந்தோட்டத்துக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தது என்பது எனக்கு எப்படித் தெரியும்? தங்கள் தோட்டத்து வெள்ளைக்கார மானேஜரான பெரிய துரைக்கு அன்றைக்கே 'கர்னல்' என்று பெயர் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பெரிய துரையே இறங்கி வந்தார். முதலாளி எழுந்து சட்டைப் பித்தானைப் போட்டார். "அந்த கர்னல் புத்தகம் குடு. காலைப் பெரட்டுல வேலை பிரிக்கிற நேரம் நம்மளைப் பார்த்து ஆள் எல்லாம் கர்னல், கர்னல் சொல்லிச் சிரிக்குது" என்றார். எடுத்துக் கொடுத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். அணை வந்த பக்கத்தில் அவருடைய காது சிவந்தது. ஆனாலும் மூடி வைக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் கர்னல் தோற்றுப்போய், தன் பெரிய வீட்டைப் பூட்டிவிட்டு, பிறந்த ஊருக்குப் போவதற்காக ஆளில்லாத ஸ்டேஷனில் பெட்டி மேல் உட்கார்ந்திருப்பான். தூரத்தில் ரயில் புகை தெரியும். துரையின் மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஸ்கொட்லாந்துக்குப் போய் வருஷக்கணக்காகிறது என்பது ஊருக்கே தெரியும். இங்கே அவர் ஒரு நாயோடும் சமையல்கார அப்பு ஒருவனோடும்தான் இருந்தார்.

அடுத்த வாரம் லயத்துப் பீலியில் தண்ணீர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். மழையால் வந்ததா புத்தகத்தால் வந்ததா என்று நான் விசாரிக்கவில்லை. எனக்கு மறக்காதது, அந்தக் கடைசிப் படத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு துரை சொன்னதுதான்: "கெட்டவன்தான். ஆனா இவனுக்கு ரயில் வந்துட்டுது, பார்."

இறகுத் தொப்பி மேடம்

மேடம் டெலா சீட்டு விளையாட்டில் ஊரையே மொட்டையடிப்பவள். தொப்பியில் ஒரு சிவப்பு இறகு வைத்திருப்பாள். அந்த மாதத்து அட்டையில் அவள் குதிரை மேல் இருந்தபடி திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். முன்னால் வெட்டவெளி. தீபாவளிக்குச் சேலை எடுக்க வந்த ஒரு கூட்டத்தில், கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி மட்டும் பின்தங்கி எங்கள் வாசலில் நின்றுவிட்டாள். இடுப்பில் ஒரு பிள்ளை, சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. புருஷன்காரன் துணிக்கடை வாசலிலிருந்து "ஏய் பூவாயி, வாறியா இல்லியா?" என்று கத்திக்கொண்டிருந்தான்.

"இந்தப் பொம்பள என்னங்க செஞ்சா?" என்று கேட்டாள்.

"பேங்கைக் கொள்ளையடிச்சா. ரெண்டு பேரைச் சுட்டா."

"அப்புறம்?"

"குதிரையில ஏறிப் போயிட்டா."

"புடிச்சிட்டாங்களா?"

"இதுல இல்ல. அடுத்த மாசம் புடிச்சிருவாங்க."

பூவாயி பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். புருஷன் மறுபடி கூப்பிட்டான். அவள் அட்டையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், மேடம் டெலாவுக்கே சொல்வது போலச் சொன்னாள்: "அப்ப ஒரு மாசம் அவ பாட்டுக்கு இருப்பா."

பாதிரி க்ரோவும் மிஸ்ஸியும்

ஆஸ்பத்திரித் தாதிமாரை ஊரில் எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவர்களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த பரமேஸ்வரி மிஸ்ஸி ஒரு சனிக்கிழமை மத்தியானம் கறுப்புக் குடையோடு கடைக்குள் வந்தார். ஆண்கள் வார்டில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்காரர் ஒருவர் சரிவில் விழுந்து கால் முறிந்து மாதக்கணக்காகக் கிடக்கிறாராம். அவருக்குப் பொழுதுபோகப் படமுள்ள புத்தகம் வேண்டும் என்றார். கையில் கிடைத்த கில்பி புத்தகத்தைக் கொடுத்தேன். அதில் வில்லன் பாதிரி க்ரோ. பாதிரி உடுப்புக்குள் துப்பாக்கி வைத்திருப்பான். கொள்ளையடித்து முடிந்ததும் பணத்தைப் பறிகொடுத்தவனுக்காக முழங்காலில் நின்று ஒரு ஜெபம் சொல்லிவிட்டுத்தான் போவான்.

அடுத்த சனிக்கிழமை மிஸ்ஸி திரும்பி வந்தார். "தம்பி, இந்தப் பாதிரி வாற புத்தகம் வேற இருக்கோ?"

"இருக்குங்க மிஸ்ஸி. ஆளுக்குப் பிடிச்சிருச்சா?"

"அவருக்குப் பிடிச்சுதோ தெரியேல்ல. எனக்குப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டுக் குடையைப் பார்த்தார். கவ்வாத்துக்காரர் குணமாகி வீட்டுக்குப் போன பிறகும் மிஸ்ஸியின் வரவு நிற்கவில்லை. க்ரோ வரும் புத்தகம் பார்சலில் இருந்தால் கம்பியில் மாட்டாமல் மேசைக்கு அடியில் வைத்துவிடுவேன். மற்றவர்கள் கேட்டால் இன்னும் வரவில்லை என்பேன். பேச்சுவாக்கில் எனக்கு அவரைவிட இரண்டு வயது கூட என்று தெரிந்தது. அதற்குப் பிறகு 'தம்பி' நின்றுபோயிற்று. என்னைக் கூப்பிட வேறு சொல்லும் அவருக்குக் கிடைக்கவில்லை. வந்ததும் குடைக்காம்பால் மேசையை மெதுவாகத் தட்டுவார். சனிக்கிழமைகளில் எனக்குக் காது அந்தச் சத்தத்திலேயே இருக்கும்.

"மார்ஷல் நல்லவன்தானே, அவனை ஏன் உங்களுக்குப் பிடிக்கல்ல?" என்று ஒருநாள் கேட்டேன். க்ரோ ஒரு கதையில் தப்பி ஓடும்போது, தன்னைச் சுட்டவனே குண்டுபட்டுக் கிடப்பதைப் பார்த்துத் திரும்பி வந்து, சட்டையைக் கிழித்துக் கட்டி, அந்தத் தாமதத்தால் பிடிபடுவான். மிஸ்ஸி அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். "கில்பி சுட்டுப்போட்டுக் குதிரையில ஏறிப் போயிடுவான். பிறகு ஆர் கட்டுப் போடுறது?"

சான்சோவுக்குக் காது கேட்காது

லுணுகலை பஸ்ஸின் டிரைவர் பியதாச நல்ல தமிழ் பேசுவார், சிங்களத்து மெட்டில். என்னை 'மல்லி' என்பார். சிங்களத்தில் தம்பி என்று அர்த்தம். புத்தகத்தை இரவலாக எடுத்துப் போய், லுணுகலையில் பஸ் நிற்கும் நேரத்தில் படம் பார்ப்பார். அவருக்குப் பிடித்த வில்லன் செவிட்டு சான்சோ. குதிரை வண்டிகளை மறிக்கிற கொள்ளைக்காரன், ஆனால் வண்டிக்காரன் மேல் கை வைக்க மாட்டான். வண்டிக்காரனுக்குச் சுருட்டுக் கொடுத்து, சக்கரத்துக்கு மசகு போட்டுவிட்டுப் போவான். "டிரைவர் ஆளுக்கு மரியாதை குடுக்கிற ஒரே கள்ளன்" என்பார் பியதாச.

ஒருநாள் காலையில் பஸ் நிறையச் சனத்தோடு கடை வாசலில் வந்து நின்றது. அது பஸ் நிற்கும் இடமில்லை. பியதாச இறங்கி வந்து புத்தகத்தை மேசையில் போட்டார். "மல்லி, சான்சோ செத்துட்டான்."

"ஆமா, பார்த்தேன்."

"பார்த்தாய்? பார்த்துட்டுத்தான் என் கையிலே குடுத்தாய்?"

பஸ்ஸுக்குள்ளிருந்து கொண்டக்டர் மணி அடித்தான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஒரு பெரியவர் "என்னங்க, யாரு செத்தது?" என்று கேட்டார். "சான்சோவாம்" என்று யாரோ சொல்ல, "ஐயோ பாவம், எந்தத் தோட்டம்?" என்று ஒரு அம்மா உச்சுக்கொட்டினார். அதற்குள் பியதாச கடைசிப் பக்கத்தைப் பிரித்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்திருந்தார். சான்சோ முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துபோகிறான். பின்னாலிருந்து கில்பி 'நில்' என்று கத்துகிறான், மறுபடியும் கத்துகிறான், நிற்காததால் சுடுகிறான். அரசாங்கத்துப் பாஷை எது என்று நாடு முழுக்கப் பேச்சாக இருந்த காலம் அது. சிங்களம் தெரியாத சனம் நிறைந்த பஸ்ஸின் முன்னால் நின்று பியதாச சொன்னார்: "சட்டம் சரிதான் மல்லி, ஆனா கேக்காத ஆளுக்குக் கத்திச் சொல்லிட்டு சுடுறது என்ன நியாயம்?"

எல்லை ஜாக்

பெரகலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர் வேலாயுதம். பிரஜாவுரிமை விசாரணை என்று அரசாங்கக் கச்சேரியில் கூப்பிடும்போதெல்லாம் பதுளைக்கு வருவார். அவருடைய அப்பா இங்கேதான் பிறந்தார், ஆனால் அதைக் காட்ட ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் எழுதி வைத்தார்கள்? தேதி தள்ளிப் போட்டு, மறுபடி வரச்சொல்லி, வேறு சாட்சி கேட்டு, மனுஷனை இழுத்தடித்தார்கள். மூன்று மணிக்கு மேல் பஸ். அதுவரைக்கும் எங்கள் கடையில் உட்கார்ந்திருப்பார். இஸ்திரி போட்ட கோட்டு, கையில் தொப்பி. கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் என்பதால் தானே வாசிப்பார்.

ஒருநாள் அவர் கையில் எல்லை ஜாக் வரும் புத்தகம் அகப்பட்டது. அமெரிக்காவுக்கும் மெக்ஸிகோவுக்கும் நடுவில் ஓடும் ஆற்றில், ஓடத்தின் மேல் பிறந்தவன் எல்லை ஜாக். இந்தக் கரையில் திருடிவிட்டு அந்தக் கரையில் தூங்குவான். கடைசியில் பிடிபடும்போது கில்பி சொல்கிறான், இவன் எங்கள் நாட்டு ஆள் இல்லை, இவனுக்கு நாங்கள் சோறு போட மாட்டோம் என்று. மெக்ஸிகோ கேப்டனும் அதையேதான் சொல்கிறான். இரண்டு பேரும் அவனை ஆற்றுக்குள் மாற்றி மாற்றித் தள்ளுகிறார்கள். அதை வேடிக்கையாகத்தான் வரைந்திருந்தான். வேலாயுதம் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். முதலாளிகூட எட்டிப் பார்த்தார். பிறகு அந்தச் சிரிப்பு மெதுவாக அடங்கிவிட்டது. பஸ் ஹோர்ன் கேட்கும்வரை அந்தப் பக்கத்தைப் பார்த்தபடியே இருந்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கும்போது சொன்னார்: "இவனுக்குக் குதிரையாவது இருக்கு தம்பி. எனக்குப் பெரகலைக்கு பஸ் டிக்கட்டுதான் இருக்கு."

மழைக்கு நின்றபோது

பதுளை மழை உங்களுக்குத் தெரியும். நமுனுகுல மலையில் மேகம் இறங்கினால் தெருவில் ஆறு ஓடும். அப்படியொரு சனிக்கிழமை மிஸ்ஸி கடைக்குள் அகப்பட்டுக்கொண்டார். முதலாளி வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "எனக்குக் கண்ணைச் சொருகுது" என்று பின்பக்கம் போய்விட்டார். அந்த மனுஷன் பகலில் தூங்கி நான் பார்த்ததேயில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். சீனி கூடிவிட்டது. அவர் மிச்சம் வைக்காமல் குடித்தார்.

புதுப் பார்சலில் க்ரோ வந்திருந்தான். மிஸ்ஸி நின்றபடியே படிக்கத் தொடங்கினார். அந்த மாதக் கதையில் பாதிரி க்ரோவுக்கு ஒரு சத்திரக்காரன் மகள் மேல் ஆசை வருகிறது. பொழுது சாயும்போதெல்லாம் அவள் வாசலில் குதிரையைக் கட்டுகிறான், தொப்பியைக் கழற்றுகிறான், கதவைப் பார்க்கிறான். பிறகு தொப்பியைப் போட்டுக் குதிரையை அவிழ்த்துக்கொண்டு போய்விடுகிறான். உள்ளே விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. நான் அந்தக் கதையைக் காலையிலேயே படித்துவிட்டேன். அதனால் அவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்பது அவருடைய முகத்திலேயே எனக்குத் தெரிந்தது.

"மழை இப்போதைக்கு விடாது போலிருக்கு" என்றேன்.

"விடாட்டில் நல்லம்" என்றார். சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். எனக்கு வாயில் ஏதேதோ வந்தது. தோட்டத்து லயத்தில் பிறந்தவன், கடையில் சம்பளத்துக்கு நிற்பவன், அவர் யாழ்ப்பாணத்து உத்தியோகக் குடும்பம் என்பதும் கூடவே வந்தது. நான் கம்பியில் தொங்கிய புத்தகங்களைச் சரிசெய்தேன். சரியாக இருந்தவற்றைத்தான். மழை விட்டது. மிஸ்ஸி புத்தகத்தை மூடி, குடையை எடுத்து, என்னைப் பார்க்காமல் அட்டையில் இருந்த க்ரோவைப் பார்த்துச் சொன்னார்: "பாங்குப் பெட்டகத்தையே உடைக்கிறவனுக்கு ஒரு கதவைத் தட்ட ஏலாதோ?"

மிஸ்ஸி கொண்டுபோன புத்தகம்

ஐம்பத்தெட்டில் நாட்டில் சிங்கள-தமிழ்க் கலவரம் வந்தது. எங்கள் கடைத்தெருவும் கதவுகளை இழுத்துச் சாத்தியது. முதலாளியும் நானும் பலகைக் கதவுக்குப் பின்னால், அடுப்புப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தோம். ஆஸ்பத்திரித் தமிழ் ஆட்களை எங்கே வைத்திருக்கிறார்கள், என்ன பாடு என்று ஒன்றும் தெரியவில்லை. பியதாச ஒருநாள் பின்பக்கமாக வந்து அரிசியும் கருவாடும் கொடுத்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்னமே, "குடைக்கார மிஸ்ஸி நல்லா இருக்கு மல்லி, நான் கண்ணாலே பார்த்தேன்" என்றார். ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது!

நிலைமை கொஞ்சம் அடங்கியதும் யாழ்ப்பாணத்துக்காரர் பலர் மாற்றம் வாங்கிக்கொண்டு புறப்பட்டார்கள். மிஸ்ஸி போகிற அன்று ஒரு டொக்டர் குடும்பத்தோடு ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் கடைக்கு ஏறினார். அந்த டொக்டரும் மனைவியும் வாசலில் நின்றார்கள். மிஸ்ஸியின் கையில் க்ரோ புத்தகம் ஒன்று இருந்தது. கலவரத்துக்கு முன் எடுத்துப் போனது. நான் அதை வாங்கக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. கைப்பைக்குள் வைத்துப் பூட்டினார். ஸ்டேஷன் வரைக்கும் வரலாமா என்று கேட்டிருக்கலாம். வாசலில் ஆட்கள் இருந்தார்கள். "சுகமாப் போயிட்டு வாங்க மிஸ்ஸி" என்றுதான் எனக்கு வந்தது. அவரும் ரயிலுக்குப் போனார். அந்தப் புத்தகம் இன்றுவரை கடைக்கு வரவில்லை, நானும் அதைத் தொலைந்ததாக எண்ணவில்லை. படியிலிருந்து திரும்பி, யாருக்கும் கேட்காத குரலில் அவர் சொல்லிவிட்டுப் போனது இதுதான்: "இதைத் திருப்பித் தர எண்டு நான் ஒருக்கா வரவேணும். வராட்டில், நானும் ஒரு வில்லி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ."

நடிகன் லூதரின் முகம்

அறுபதுகள் பிறந்ததும் வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. முதலில் பிஸ்கட் டின் குறைந்தது, பிறகு நல்ல சவர்க்காரம், பிறகு எங்கள் பார்சல். கடைசியாக வந்த கில்பி புத்தகத்தில் வில்லன் பெயர் நடிகன் லூதர். நீதிபதியாக வருவான், தபால்காரனாக வருவான், ஒரு கதையில் கில்பியின் உதவியாளாகவே வந்து அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். அவனுடைய சொந்த முகத்தை எவரும் கண்டதில்லை. கடைசிப் பக்கத்தில் கில்பி அவனுடைய தாடியைப் பிடித்து இழுக்கிறான். படத்தில் தெரிவதெல்லாம் கில்பியின் அகலத் திறந்த கண்கள். யாரைக் கண்டான் என்பது அடுத்த மாதம். அந்த அடுத்த மாதம் பதுளைக்கு வரவேயில்லை. அது கில்பியின் தம்பிதான் என்றார் தபால் கந்தோர் கிளாக்கர். அப்பன்தான் என்றார் பியதாச. வேலாயுதம், யாராயிருந்தாலும் இவன்தான் அவன் என்று ருசுப்படுத்த ஆள் வேண்டுமே என்றார்.

அந்த வருஷமே முதலாளிக்கு விசா நீட்டிக் கொடுக்கவில்லை. இளவட்டமாக வந்தவர், இங்கேயே தலை நரைத்துப் போனவர். கடையை என் பொறுப்பில் விட்டுவிட்டு ஒரு தகரப் பெட்டியோடு காலை ரயிலுக்கு வந்தார். அத்தனை வருஷத்தில் அவர் ஒரு கொமிக் புத்தகத்தைத் திறந்து நான் கண்டதில்லை. படம் போட்ட புத்தகம் சின்னப்பிள்ளைகளுக்கு என்பார். ரயிலில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைக் கிட்டக் கூப்பிட்டார். ஏதோ கடை விஷயம் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஏன்டே, அந்தத் தாடிக்குள்ள யாருதான் இருந்தான்?"

நான் சனத்துக்குச் சொன்ன கதையையெல்லாம் இந்த மனுஷன் பின்பக்கம் அடுப்படியில் உட்கார்ந்து இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்! "தெரியாது மொதலாளி. பொஸ்தகம் வரலையே" என்றேன்.

"நீ நெனைச்சுச் சொல்லு. ஊருக்கெல்லாம் சொன்னவன்தானே."

யோசித்துப் பார்த்துச் சொன்னேன்: "ஒருத்தரும் இல்ல மொதலாளி. ரொம்ப வருசமா வேசம் போட்டுப் போட்டு, அவனுக்கே சொந்த மூஞ்சி மறந்து போச்சு. அதைப் பார்த்துத்தான் கில்பி பயந்துட்டான்."

விசில் ஊதினார்கள். ரயில் அசைந்தது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். அவர் என் கையை மெதுவாக எடுத்துவிட்டுச் சொன்னார்: "சரியாத்தான் சொல்லுதே. ஊர்ல போயி நின்னா பேரப்பிள்ளைக என்னை யாருன்னு கேக்கும். நானும், தெரியலையேப்பா, பதுளையில விட்டுட்டு வந்துட்டேன்னுதான் சொல்லணும்."

மார்ஷல் கில்பி பிடிக்காத வில்லன் ஒருவனும் இல்லை; எனக்குப் பிடித்தவர்களில் ஒருவரைக்கூட எனக்குப் பிடித்து வைக்கத் தெரியவில்லை.